கறுப்புப் பட்டி எங்கேயிருந்து வந்தது?

போன மாரியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் நாங்கள் ஆறு பேர் குரோசாவாவின் 'யோஜிம்போ' பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பன் ஒருவனின் வீட்டு விறாந்தை, சுவரில் மாட்டின ரீவி, ஒரு ஹார்ட்டிஸ்க், ஆளுக்கொரு பிளேன்ரீ. படம் தொடங்கிப் பத்து நிமிசத்தில் அவனுடைய அப்பம்மா வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தவர், "உதென்ன தம்பி, மேலயும் கீழயும் கறுப்பாக் கிடக்கு? ரீவி பழுதாப் போச்சோ?" என்று கேட்டார்.

"இல்லை அப்பம்மா, படமே அப்பிடித்தான்."

"முந்தி டெக்கில பாக்கேக்க உப்பிடி இருக்கேல்லையே."

நாங்கள் சிரித்தோம். ஆனால் படம் முடிந்து கதைக்க இருந்தபோது, 'யோஜிம்போ'வைப் பற்றிக் கதைத்ததைவிட அப்பம்மாவின் கேள்வியைப் பற்றித்தான் கூடக் கதைத்தோம். ஏனென்றால் அவர் சொன்னது சரி. டெக்கில் பார்த்த காலத்தில் கறுப்புப் பட்டி இருக்கவில்லை. அப்ப அந்தப் படங்களின் மிச்சம் எங்கே போனது? பிறகு அது எப்படித் திரும்பி வந்தது? இந்தக் கட்டுரை அந்த இரவுக் கதையின் தொடர்ச்சி என்று வைத்துக்கொள்ளுங்கோ.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஐம்பதுகளில் தொலைக்காட்சி வந்து சனம் தியேட்டருக்குப் போவது குறைந்ததும், வீட்டில் கிடைக்காத ஒன்றைக் காட்ட வேண்டும் என்று ஹொலிவூட் திரையை அகலமாக்கியது. 1953ல் 'த ரோப்' படத்தோடு சினிமாஸ்கோப் வந்தது. உயரம் ஒன்று என்றால் அகலம் இரண்டேகாலுக்கும் மேலே. தமிழில் 1973ல் வந்த 'ராஜராஜ சோழன்' முதல் சினிமாஸ்கோப் படம். ஆனால் அந்தக் காலத்து ரீவிப் பெட்டியின் அகலம் உயரத்தைவிட மூன்றில் ஒரு பங்குதான் கூட. இந்தப் பெரிய படத்தை அந்தச் சின்னப் பெட்டிக்குள் முழுக்க நிரப்ப வேண்டுமென்றால் ஒரே வழி, இரண்டு கரையையும் வெட்டுவது. வெட்டினால் படத்தின் நூற்றுக்கு நாற்பது பங்குக்கு மேல் போய்விடும். இரண்டு பேர் இரண்டு கரையில் நின்று கதைக்கும் காட்சியில் ஒருவரின் மூக்கு நுனி மட்டும் தெரியும். அதைச் சமாளிக்க, இயக்குனர் அசைக்காத கமராவை வீடியோ போடுகிற ஆள் பிறகு இருந்து இடமும் வலமும் அசைப்பார். இதற்கு 'பான் அன்ட் ஸ்கான்' என்று பெயர். குரோசாவா சட்டகத்தின் மூலையில் ஒருவரை நிறுத்திவைக்கிறார் என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். வெட்டினவருக்கு அந்தக் காரணம் தேவையில்லை.

அப்பம்மாவின் டெக்கில் கறுப்பு இல்லாததற்குக் காரணம் இதுதான். அவர் பார்த்த சினிமாஸ்கோப் படங்களில் கிட்டத்தட்டப் பாதியை அவர் பார்க்கவேயில்லை.

டெக்கின் கதையும் சுவாரசியமானது. சொனி நிறுவனம் 1975ல் பீற்றாமக்ஸைக் கொண்டுவந்தது. அடுத்த வருசம் ஜேவிசி வீஎச்எஸ்ஸை இறக்கியது. பீற்றாமக்ஸின் படம் தெளிவு என்று சொல்லுவார்கள். ஆனால் தொடக்கத்தில் அதன் கசற் ஒரு மணித்தியாலம்தான் ஓடும், வீஎச்எஸ் இரண்டு மணித்தியாலம். ஒரு படம் ஒரு கசற்றுக்குள் அடங்குமோ அடங்காதோ என்பது சின்ன விசயம் இல்லை. வீஎச்எஸ் வென்றதற்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் எங்களுக்கு இந்தக் காரணம்தான் பிடிச்சிருக்கு.

ஹொலிவூட் இதை விரும்பவில்லை. 1976ல் யூனிவர்சலும் டிஸ்னியும் சேர்ந்து சொனி மேல் வழக்குப் போட்டன. 1982ல் அமெரிக்கப் படநிறுவனங்களின் சங்கத் தலைவர் ஜக் வலன்ரி பாராளுமன்றக் குழுவின் முன்னால் போய், வீட்டில் தனிய இருக்கிற பெண்ணுக்கு ஒரு கொலைகாரன் எப்படியோ அப்படித்தான் படத்துறைக்கு இந்த டெக் என்கிற மாதிரிப் பேசினார். 1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் சொனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. வீட்டில் இருந்து பதிவுசெய்து பிறகு பார்ப்பது குற்றம் இல்லை. ஒரே ஒரு நீதியரசர் மறுபக்கம் சாய்ந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்கோ. வேடிக்கை என்னவென்றால், வழக்குப் போட்ட அதே படநிறுவனங்கள் கொஞ்சக் காலத்திலேயே வீடியோவால் பெரிய வருமானம் பார்க்கத் தொடங்கிவிட்டன.

அதற்கு முன்னரே, 1977ல், மிச்சிகன் மாநிலத்தில் அன்ட்ரே பிளே என்பவர் ருவென்ரியத் செஞ்சுரி பொக்ஸிடம் 50 படங்களின் உரிமையை வாங்கிக் கசற்றாக விற்கத் தொடங்கியிருந்தார். விலை கூட. அந்த வருசமே லொஸ் ஏஞ்சல்ஸில் ஜோர்ஜ் அற்கின்சன் என்ற ஒரு கடைக்காரர் அந்தப் படங்களை வாங்கி வாடகைக்கு விட்டார். ஒரு நாளைக்கு 10 டொலர். வீடியோக் கடை என்ற ஒரு பொருள் உலகத்தில் தோன்றினது இப்படித்தான்.

எங்கட பக்கம் அந்த அலை வந்த விதம் வேறு. 1979ல் ஐரிஎன், 1982ல் ரூபவாஹினி. 77க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதாலும், மத்திய கிழக்குக்கு உழைக்கப் போன ஆக்கள் திரும்பி வரும்போது கொண்டுவந்ததாலும் ரீவியும் டெக்கும் ஊருக்குள் வந்தன. எல்லா வீட்டிலும் இருக்கவில்லை. வாடகைக்கு எடுப்பது. ரீவி, டெக், நாலு கொப்பி, ஒரு இரவு. கலியாண வீடு, சாமத்தியச் சடங்கு, செத்த வீட்டு எட்டுச் செலவு முடிஞ்ச பிறகு கூட. 1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கி யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றபோது ஜெனரேற்றரும் அந்த வாடகைப் பட்டியலில் சேர்ந்தது. பெற்றோலுக்குத் தடை, மண்ணெண்ணெயில் ஓட்டுவது. சத்தம் கேட்டால் அக்கம்பக்கம் எல்லாம் கூடிவிடும். அப்பம்மா சொல்லுகிறார், விடியப்புறம் மூன்றாவது படத்தில் பாதிப்பேர் நித்திரை, ஆனால் ஜெனரேற்றரை நிப்பாட்ட ஒருத்தரும் விடமாட்டினம், காசு குடுத்தது வீணாகிவிடும் என்று.

அந்தக் கொப்பிகள் எல்லாம் கொப்பியின் கொப்பி. கசற்றிலிருந்து கசற்றுக்கு மாற்றும்போது ஒவ்வொரு முறையும் படம் கொஞ்சம் கரையும். நாலாம் ஐந்தாம் கைக்கு வரும்போது முகம் தெரியும், முகபாவம் தெரியாது. கனடாவிலிருந்து வருகிற கலியாண வீடியோ என்றால் இன்னொரு பிரச்சினை. அங்கே என்ரிஎஸ்சி முறை, இங்கே பால் முறை. எங்கட டெக்கில் போட்டால் கறுப்பு வெள்ளையில் கோடு கோடாக ஓடும், இல்லாவிட்டால் ஒன்றும் வராது. மாமாவின் கலியாணத்தைப் பார்க்க 'மல்ரி சிஸ்ரம்' டெக் இருக்கிற வீட்டைத் தேடிப் போக வேண்டும்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். டெக் காலம் என்றால் எம்ஜிஆர், ரஜினி என்று மட்டும் நினைக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் கோட்டைக்குக் கிட்ட இருந்த றீகல் தியேட்டரில் ஆங்கிலப் படம் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறை இருந்தது. அ. யேசுராசா போன்றவர்கள் உலக சினிமாவைப் பற்றிச் சிற்றிதழ்களில் எழுதி வந்தார்கள். வாசிச்ச ஆக்களில் அரைவாசிப் பேர் அந்தப் படங்களைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். படத்தைப் பார்க்காமல் படத்தைப் பற்றி வாசிப்பது ஒரு விசித்திரமான அனுபவம். நாங்களும் அதைக் கொஞ்சம் அனுபவித்திருக்கிறோம்.

சரி, கறுப்புப் பட்டிக்கு வருவோம்.

1978 கடைசியில் அமெரிக்காவில் லேசர் டிஸ்க் என்று ஒன்று விற்பனைக்கு வந்தது. முதலில் விற்ற படம் 'ஜோஸ்'. பழைய இசைத்தட்டு அளவு, 30 சென்ரிமீற்றர் அகலம், வெள்ளிபோல மினுங்கும். ஒரு பக்கத்தில் ஒரு மணித்தியாலம். நல்ல தரமான முறையில் பதிந்தால் அரை மணித்தியாலம்தான். ஒரு படத்துக்கு மூன்று தரம் எழும்பிப் போய்த் தட்டைப் பிரட்ட வேண்டும். பதிவுசெய்யவும் ஏலாது. சாதாரண ஆக்கள் ஏன் இதை வாங்கப் போகினம்? வாங்கவில்லை. அமெரிக்காவில் அது கடைசிவரை ஒரு சின்னக் கூட்டத்தின் சாமானாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சின்னக் கூட்டம் ஆர் என்பதுதான் முக்கியம். படத்தை ஒரு பிரேமில் நிறுத்தி, அசையாமல், ஆடாமல், மணித்தியாலக் கணக்காகப் பார்க்க விரும்பினவர்கள்.

1984ல் றொபேட் ஸ்ரைன், அலீன் ஸ்ரைன் இன்னும் சிலர் சேர்ந்து இந்தக் கூட்டத்துக்காகவே தொடங்கினதுதான் கிரைட்டீரியன் கலெக்ஷன். முதல் இரண்டு டிஸ்க்: 'சிற்றிசன் கேன்', 'கிங் கொங்'. நல்ல பிரதியைத் தேடி எடுத்து, படத்தோடு சேர்த்துப் புகைப்படங்கள், குறிப்புகள், கட்டுரைகள் எல்லாம் தட்டிலேயே போட்டார்கள். ஒரு புத்தகத்துக்கு ஆய்வுப் பதிப்பு போடுவது மாதிரி. உ.வே.சாமிநாதையர் ஏட்டுச்சுவடி தேடி அலைந்து பாடபேதம் பார்த்துப் பதிப்பித்தது போல என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். கொஞ்சம் பெரிய ஒப்பீடுதான். ஆனால் பிழையும் இல்லை.

'கிங் கொங்'கில் இன்னொரு காரியம் நடந்தது. லேசர் டிஸ்க்கில் இரண்டு ஒலித்தடம் இருந்தது. படத்தின் ஒலி ஒன்றில் போகட்டும், மற்றதில் என்ன செய்வது? லொஸ் ஏஞ்சல்ஸ் கவுன்ரி கலை அருங்காட்சியகத்தின் படப்பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த றொனால்ட் ஹேவரைக் கூப்பிட்டு, படம் ஓட ஓட அதைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள். இந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள், அந்தப் பொம்மையை எப்படி அசைத்தார்கள், எந்த இடத்தில் வெட்டப்பட்டது என்று மனுசன் கதைத்துக்கொண்டே போனார். இன்றைக்கு 'கொமென்ரறி' என்று நாங்கள் சொல்லுகிற சாமானின் தொடக்கம் அது. எங்களுக்கு இதில் பிடித்தது, அது ஒரு விரிவுரை இல்லை என்பது. பக்கத்தில் இருந்து ஒரு விசயம் தெரிந்த அண்ணை சொல்லிக்கொண்டு வருவது போல. எங்கட சனிக்கிழமை விறாந்தையில் நாங்கள் செய்வதும் அதுதான், அரைவாசி பிழையாகச் சொல்லுகிறோம் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

இந்தக் கொமென்ரறிகள் ஒரு தலைமுறைக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. போல் தோமஸ் அன்டர்சன், ஜோன் ஸ்ரேர்ஜெஸ் 'பாட் டே அற் பிளக் றொக்' டிஸ்க்கில் கதைத்ததைக் கேட்டு, படக் கல்லூரியில் வருசக்கணக்காய்ப் படிப்பதைவிட அதில் கூடப் படிக்கலாம் என்ற மாதிரிச் சொல்லியிருக்கிறார். குவென்ரின் ராரன்ரினோ லொஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிட்ட ஒரு வீடியோக் கடையில் வேலை செய்தவர், பிறகு அந்தக் கடையின் கசற்றுகளையே வாங்கிவிட்டார். ஒருமுறை கொமென்ரறி எல்லை மீறியும் போனது. 1991ல் கிரைட்டீரியன் போட்ட முதல் மூன்று ஜேம்ஸ் பொன்ட் படங்களின் டிஸ்க்கில் படக்குழுவினர் மனம்விட்டுக் கதைத்துவிட்டார்கள். உரிமையாளருக்குப் பிடிக்கவில்லை, டிஸ்க்கைத் திருப்பி எடுத்துவிட்டார்கள். இப்ப சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குவது திருப்பி எடுக்கப்பட்ட அந்த டிஸ்க்குகளைத்தான்.

இனி கறுப்புப் பட்டி. கிரைட்டீரியன் தன்னுடைய எட்டாவது வெளியீடான 'இன்வேஷன் ஒவ் த பொடி ஸ்னச்சர்ஸ்' படத்தில் கரையை வெட்டாமல், முழு அகலத்தையும் வைத்து, மேலும் கீழும் கறுப்பாக விட்டது. பிறகு அதையே வழக்கமாக்கியது. அதே காலத்தில் வூடி அலன் தன்னுடைய 'மன்ஹற்றன்' வீடியோவில் வரும்போது அப்படித்தான் வரவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். காசு குடுத்து வாங்கினவர்களில் கனபேருக்கு இது விளங்கவில்லை. படத்தை மறைக்கிறார்கள் என்று நினைத்தார்கள். உண்மையில் மறைத்திருந்ததைக் காட்டினார்கள். நாற்பது வருசத்துக்குப் பிறகு எங்கட அப்பம்மா கேட்டதும் அதே கேள்விதான்.

கிரைட்டீரியனுக்குப் பின்னால் ஜேனஸ் பிலிம்ஸ் என்ற ஒரு நிறுவனம் இருந்தது. 1956ல் பிறையன்ற் ஹாலிடே, சைரஸ் ஹார்வி என்ற இரண்டு பேர் தொடங்கினது. பேர்க்மன், பெலினி, குரோசாவா எல்லாரையும் அமெரிக்கத் தியேட்டர்களுக்குக் கொண்டுவந்தவர்கள். அந்த உரிமைகள் கையில் இருந்தபடியால்தான் பிறகு டிவிடி வந்தபோது வெளிநாட்டுப் படங்களை வரிசையாகப் போட முடிந்தது. டிவிடியின் முதுகில் இலக்கம் போட்டார்கள். 2 'செவன் சாமுராய்', 207 நிமிசம். 1 ழோன் ரெனுவாரின் 'லா கிரோந்த் இலூசியோன்'. ஆனால் இரண்டாம் இலக்கம் 1998ல் வந்துவிட்டது, முதலாம் இலக்கம் 1999 கடைசியில்தான் வந்தது. ஏன் பிந்தியது என்ற கதையை எங்களால் சுருக்க முடியவில்லை, மன்னிக்க வேணும்.

1937ல் ரெனுவார் எடுத்த இந்தப் படம் முதலாம் உலகப் போர்க் கைதிகளைப் பற்றியது. எதிரிநாட்டு அதிகாரியையும் மனிதனாகக் காட்டியது. கொயபெல்ஸுக்கு இந்தப் படத்தைக் கண்ணில் காட்டக்கூடாது. நாஸிகள் பிரான்ஸைப் பிடித்தபோது மூல நெகற்றிவ்வையும் பிடித்து பேர்லினுக்குக் கொண்டுபோனார்கள். எரித்துவிட்டார்கள், குண்டுவீச்சில் போய்விட்டது என்றெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தார்கள். உண்மையில் அது பேர்லினில் நாஸிகளின் படச் சேமிப்பகத்தில் கிடந்தது. 1945ல் பேர்லினுக்குள் வந்த சோவியத் படை அதை மொஸ்கோவுக்கு எடுத்துப் போனது. அறுபதுகளில் மொஸ்கோவுக்கும் பிரான்ஸின் துலூஸ் நகரச் சேமிப்பகத்துக்கும் நடந்த பண்டமாற்றில் அது துலூஸுக்கு வந்தது. என்ன வந்திருக்கு என்று ஒருவருக்கும் தெரியாது. கிட்டத்தட்ட முப்பது வருசம் பெட்டிக்குள் கிடந்து தொண்ணூறுகளில்தான் ஆரோ திறந்து பார்த்து இதுதான் அது என்று கண்டுபிடித்தார்கள். டிவிடிக்கு வேலை நடந்துகொண்டிருந்தபோது இந்த நெகற்றிவ்விலிருந்து புதுப் பிரதி எடுக்கலாம் என்று தெரியவர, செய்ததை நிறுத்திப்போட்டுத் திரும்பத் தொடங்கினார்கள். படத்தைப் பிடித்த எதிரிதான், தெரிந்தோ தெரியாமலோ, அதைக் காப்பாற்றியும் வைத்திருந்தான். பெட்டியில் லேபல் ஒட்டாத சோம்பேறித்தனம் அரை நூற்றாண்டைத் தின்றுவிட்டது.

இவ்வளவும் காசும் கரண்டும் உள்ள நாடுகளின் கதை. ருமேனியாவுக்கு ஒருக்காப் போவோம். சௌசெஸ்குவின் ஆட்சியில் எண்பதுகளில் தொலைக்காட்சி ஒரு நாளைக்குச் சில மணித்தியாலம்தான், அதிலும் தலைவரின் பேச்சு. கரண்டும் வெட்டு. அந்தக் காலத்தில் தியோடர் சம்பீர் என்பவர் கள்ளமாகப் படக் கசற்றுகளை உள்ளுக்கு எடுத்து, கொப்பி அடித்து நாடு முழுக்க விட்டார். மொழிபெயர்த்தது இரீனா மர்கரெத்தா நிஸ்ற்றோர். பகலில் அரச தொலைக்காட்சியில் மொழிபெயர்ப்பாளர், வேலை முடிந்து வந்து கள்ளப் படங்களுக்குக் குரல். கதாநாயகன், கதாநாயகி, வில்லன், குழந்தை, எல்லாருக்கும் இவர் ஒருவரின் குரல்தான். கெட்ட வார்த்தை வந்தால் மெதுவாக்கிச் சொல்லுவார். 1989ல் ஆட்சி விழும்வரை 3,000 படங்களுக்கு மேல். கசற்றும் டெக்கும் உள்ள ஒரு வீட்டில் கதவைப் பூட்டிவைத்துக்கொண்டு இருபது முப்பது பேர். 2015ல் வந்த 'சக் நோரிஸ் எதிர் கொம்யூனிசம்' என்ற ஆவணப்படத்தில் இதையெல்லாம் காட்டுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டு நாங்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம். ஜெனரேற்றர் சத்தம் மட்டும்தான் குறைவு.

டிவிடி வந்த பிறகு எல்லாருக்கும் எல்லாம் கிடைக்கும் என்று நினைத்தால் அங்கேயும் வேலி. உலகத்தை ஆறு துண்டாகப் பிரித்தார்கள். அமெரிக்காவும் கனடாவும் 1, நாங்களும் இந்தியாவும் ஆபிரிக்காவின் பெரும்பகுதியும் ரஷ்யாவும் 5. எங்களில் ஒருவனின் மாமா ரொறன்ரோவிலிருந்து ஒரு பெட்டி நிறைய டிவிடி கொண்டுவந்தார். போட்டால் திரையில் 'பிராந்தியம் பிழை'. நாங்கள் காசு குடுத்து வாங்கின சாமானை எங்கட வீட்டில் பார்க்க அனுமதி இல்லை. பிறகு ஆரோ சொல்லி, மலிவான சீன பிளேயர் ஒன்று வாங்கினோம், அதுக்கு வேலி தெரியாது, எதைப் போட்டாலும் ஓடும். கள்ளக் கொப்பி டிவிடிக்கும் வேலி இல்லை. கொழும்பில் ஒரு கடைத்தொகுதியில் பேர்க்மன் படம் பொலித்தீன் உறையில், அட்டையில் எழுத்துப் பிழையோடு, ஒரு சோற்றுப் பார்சலின் விலைக்கு வாங்கினோம். சட்டப்படி பிழை என்று எங்களுக்கும் தெரியும். சட்டப்படி வாங்க ஒரு வழி இருந்திருந்தால் வாங்கியிருப்போமா என்று கேட்டால், காசு இருந்திருக்காது என்பதுதான் நேர்மையான பதில்.

சேகரிப்பு என்றால் ஒரு ஆளின் பைத்தியம் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். நியூயோர்க்கில் கொரியாவிலிருந்து வந்த யொங்மன் கிம் என்பவர் எண்பதுகளில் தன்னுடைய சலவைக் கடையின் மூலையில் கசற் வாடகைக்கு விடத் தொடங்கினார். அது வளர்ந்து கிட்டத்தட்ட 55,000 படங்கள். கடை மூடும் காலம் வந்தபோது, பிரிக்காமல் முழுதாக எடுத்து, பழைய உறுப்பினர்களையும் பார்க்க விடுவோம் என்று சொல்லுகிற ஆருக்கும் சும்மா தருகிறேன் என்றார். பெரிய பல்கலைக்கழகங்கள் இருக்கிற நகரத்தை விட்டு, 2009ல் சிசிலித் தீவில் சலெமி என்ற சின்ன ஊருக்குப் போனது அந்தச் சேகரிப்பு. போய் அங்கே பெட்டிகளில் கிடந்தது. 2022ல்தான் திரும்பி நியூயோர்க் வந்தது. இன்றைக்கும் அதில் வேறு எங்கேயும் கிடைக்காத படங்கள் இருக்கு. தனி ஆள் ஒருவரின் சலவைக் கடை.

1992ல் சத்யஜித் ராய்க்கு கௌரவ ஒஸ்கார் குடுத்தபோது அமெரிக்காவில் அவருடைய படங்களின் நல்ல பிரதி இல்லை என்று தெரியவந்தது. மூல நெகற்றிவ்களைத் திருத்துவதற்காக லண்டனில் ஒரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்கள். 1993ல் அங்கே தீப்பிடித்தது. 'பதேர் பாஞ்சாலி', 'அபராஜிதோ', 'அபுர் சன்சார்' மூன்றின் நெகற்றிவ்களும் கருகின. காப்பாற்றப் போன இடத்தில் எரிந்தது என்றால் என்ன சொல்லுவது. ஆனால் ஆரோ ஒரு புண்ணியவான் கருகின சுருள்களை எறியாமல் அமெரிக்க அக்கடமியின் சேமிப்பகத்துக்கு அனுப்பிவைத்தார். இருபது வருசம் அது அப்படியே இருந்தது. 2013ல் கிரைட்டீரியனும் அக்கடமியும் அதை எடுத்து இத்தாலியில் பொலோஞா நகரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பின. காய்ந்து சுருங்கி ஒட்டிப்போன சுருளுக்கு ஈரம் குடுத்து, பிரித்து, பசையை வழித்து, துளைகளை ஒட்டி, கையாலேயே ஏறத்தாழ ஆயிரம் மணித்தியால வேலை. 'பதேர் பாஞ்சாலி'யில் நூற்றுக்கு 40 பங்கு, 'அபராஜிதோ'வில் 60க்கு மேல் அந்தக் கருகின நெகற்றிவ்விலிருந்தே மீண்டது. 'அபுர் சன்சார்' மீளவில்லை, வேறு பிரதிகளிலிருந்து எடுத்தார்கள். 2015ல் மூன்றும் வெளிவந்தன. துர்க்காவும் அபுவும் ரயில் பார்க்க ஓடுகிற காட்சியை இன்றைக்கு நாங்கள் பளிச்சென்று பார்ப்பது அந்தச் சாம்பலால்.

இதைக் கதைத்த அன்றைக்குத்தான் எங்கட படங்களைப் பற்றிப் பேச்சு வந்தது.

1983 ஜூலையில் எரிந்தது வீடுகளும் கடைகளும் மட்டும் இல்லை. கே. குணரட்ணத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோவும் எரிக்கப்பட்டது. அதற்குள் இருந்த படச்சுருள்களும் எரிந்தன. அதில் சிங்களப் படங்களும் இருந்தன என்பதைக் கொளுத்தினவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள். 1981ல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை நாங்கள் எல்லாரும் பாடமாகச் சொல்லுவோம், 97,000 புத்தகம் என்று. ஹெந்தளையில் எத்தனை சுருள் என்று எங்களில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

சிங்கள சினிமாவும் வசதியாக இல்லை. லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸின் 'நிதானய' 1972ல் வந்தது, இலங்கையின் சிறந்த படம் என்று பலர் சொல்லுவது. அதன் நெகற்றிவ்வே காணாமல் போய், கிடைத்த பிரதிகளை வைத்து 2013ல் மீட்டார்கள், மார்ட்டின் ஸ்கோர்செசியின் உலக சினிமாத் திட்டத்தின் காசில். சுமித்ரா பீரிஸின் 'கெஹெனு லமய்' புதுப் பிரதி 2025ல் கானில் திரையிடப்பட்டது. அதற்கு உழைத்தது மும்பையில் இருக்கிற ஒரு அமைப்பு.

தமிழில்? அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த 'சமுதாயம்', 'தோட்டக்காரி', 1972ல் 'குத்துவிளக்கு', 1978ல் செங்கை ஆழியானின் நாவலை வைத்து 'வாடைக்காற்று'. இவற்றைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தம்பிஐயா தேவதாஸின் 'இலங்கைத் தமிழ்ச் சினிமாவின் கதை' புத்தகத்தாலும் வீட்டுப் பெரியாக்களின் வாயாலும் வந்தது. திரும்பவும் படத்தைப் பார்க்காமல் படத்தைப் பற்றி வாசிக்கிறோம். தர்மசேன பத்திராஜ 1977ல் யாழ்ப்பாணத்தில் எடுத்த 'பொன்மணி'யை மட்டும் பார்த்தோம். மங்கலான கொப்பி, கொப்பியின் கொப்பியாக இருக்க வேண்டும். காவலூர் இராஜதுரையின் கதை. சாதி, சீதனம், கடற்கரை, அசையாத முகங்கள். அந்தக் காலத்தில் தியேட்டரில் எடுபடவில்லை. கறுப்பு வெள்ளையில் அந்த வெயில் எப்படி இருந்திருக்கும் என்று ஊகிக்கத்தான் முடிந்தது. இந்தப் படத்துக்கு ஒரு றொனால்ட் ஹேவர் இருந்து கதைத்திருந்தால் எப்படி இருக்கும்? பத்திராஜ 2018 ஜனவரியில் இறந்துவிட்டார். நடித்தவர்கள், லைற் பிடித்தவர்கள், வீடு குடுத்தவர்கள் சிலராவது உயிரோடு இருப்பார்கள்.

இப்ப டிஸ்க்கும் போய்க்கொண்டிருக்கிறது. கடைசி வீஎச்எஸ் டெக்கை ஜப்பானின் பூனாய் நிறுவனம் 2016ல் செய்து முடித்தது. தபாலில் டிவிடி அனுப்பித் தொடங்கின நெற்பிளிக்ஸ் 2023 செப்ரெம்பரில் அந்தச் சேவையை மூடியது. பழைய படங்களுக்காகவே இருந்த பிலிம்ஸ்ரக் தளத்தை 2018ல் ஒரே அறிவிப்போடு நிறுத்தினார்கள். பிறகு வந்த கிரைட்டீரியன் சனல் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் மட்டும். வேலி இன்னும் இருக்கு, டிஸ்க்தான் இல்லை. எங்கட ஹார்ட்டிஸ்க்கும் ஒரு நாள் கிர் என்று சத்தம் போட்டுவிட்டு நிற்கும். போன வருசம் ஒன்று நின்றது, 300 படத்தோடு.

அப்பம்மாவின் அலுமாரிக்கு மேலே ஒரு பிஸ்கற் பெட்டிக்குள் பதினொரு கசற் கிடக்கிறது. நாலில் லேபல் இல்லை. இரண்டில் வெள்ளையாகப் பூஞ்சணம். ஒன்றில் பென்சிலால் 'நாடகம் 88' என்று எழுதியிருக்கு. ஊர்க் கோவில் திருவிழாவில் போட்ட நாடகமாக இருக்கும் என்கிறார், தாத்தா அதில் நடித்தவர். எங்களுக்குக் கிடைத்த டெக் கசற்றை விழுங்கிவிட்டுத் துப்புகிறது, ஹெட் தேய்ந்துவிட்டது என்று றிப்பேர்க்காரர் சொல்லுகிறார், பாட்ஸ் இல்லையாம். வேலை செய்யிற டெக் ஆரிட்டையாவது இருந்தால் ஒரு கிழமைக்குத் தாங்கோ. பூஞ்சணம் பிடிச்ச இரண்டையும் அதுக்குள்ள போட மாட்டம்.